பதினொரு மணிக் காட்சி

"ஒரே ஒரு ஆள் போதும், இக்கா! நான் எடுத்த படம்." கேரளத்து வடகரா ஊரின் தியேட்டர் வாசலில் மீன்காரரின் சைக்கிளை மறித்து நிற்கிறாள் ரம்லத். "கூடையோட உள்ள வந்தா உன் படம் நாறிடும், மோளே!" சிரித்தபடி மணியடித்துப் போய்விடுகிறார் அவர். காட்சிக்கு இன்னும் நான்கு நிமிடம். பத்து டிக்கெட் போகாவிட்டால் காட்சி ரத்து. தயாரிப்பாளரான அவளே டிக்கெட் எடுத்தால் செல்லாது. உள்ளே எட்டிப் பார்க்கிறாள், ஒன்பது தலைகள். இது அவளுடைய ஆறாவது படம். வாங்க விநியோகஸ்தர் யாரும் வராததால் தானே ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிடுகிறாள். ரத்தானால் இந்தத் திரை, தூணில் சாய்ந்திருக்கும் பவித்ரன் வெளியிடும் நட்சத்திரப் படத்துக்குப் போய்விடும். "ஆள் பிடிக்க வலை ஒண்ணு வாங்கித் தரட்டுமா, இத்தா?" என்கிறான் அவன். வெயிலிலும் அவள் போஸ்டரின் பசை இன்னும் காயவில்லை.

திடீரென்று காட்சி தொடங்கும் மணி ஒலிக்கிறது. கதவிடுக்கில் நீல வெளிச்சம் கசிகிறது. அவள் பதிவுசெய்த கடலின் இரைச்சல் வெளியே வருகிறது. கண்கள் நிறைய, மேனேஜர் சுகுணனின் கைகளைப் பற்றிக்கொள்கிறாள்.

"ஒம்பது பேருக்கே ஓட்டிட்டீங்களே, சேட்டா!"

"பத்து டிக்கெட் போயிருக்கு, இத்தா. கவுண்டர் திறந்ததுமே முதல் டிக்கெட்டை எடுத்தது பவித்ரன்."