புதன்கிழமை மருந்து

ஆஸ்பத்திரியில் புதன்கிழமை கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான் மருந்து. அன்னக்கிளி வெறும் குப்பியை நீட்டினாள்.

“மூணு நாளா சளி, நர்சம்மா. நெஞ்சு இழுக்குது.”

“பல்லு உண்டா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“நடக்குமா?”

“கையப் பிடிச்சா நாலு எட்டு வைக்கும்.”

“ஆகாரம்?”

“கஞ்சிதான். நான்தான் ஊட்டணும்.”

நர்ஸ் இசபெல் இரக்கத்தோடு குப்பியில் மருந்தை ஊற்றினாள். “இந்த மாதிரி நெஞ்சுக்குப் புகை ஆகவே ஆகாது. வீட்டுல யாராவது பீடி குடிக்காவளா?”

“வேற யாரும் குடிக்கமாட்டாவ.”

“வேற யாருமா? பிள்ளை எங்கட்டி?”

அன்னக்கிளி குப்பியை முந்தானையில் பத்திரமாக முடிந்துகொண்டு, வாசலில் நின்ற மாட்டுவண்டியைப் பார்த்துச் சொன்னாள்: “மாமா, பீடியைத் தூரப் போட்டுட்டு இறங்கும். நர்சம்மா கூப்பிடுதாவ.”

“கையப் பிடி, மக்கா,” என்று பொக்கைவாயோடு இருமினார் எண்பது வயது மாமனார்.