மஞ்சள் கால்

இரண்டு கூண்டுகளையும் பெஹியே வீட்டு முற்றத்துக் கம்பளத்தில் வைத்துத் துணியை விலக்கினேன்.

ஒன்றில் கவ். புறாவைவிடப் பெரிது, அலகும் காலும் சிவப்பு, கழுத்தில் கறுப்பு வளையம். மற்றதில் சுவேஸ்கா. கவ்வில் பாதிதான் இருக்கும். மணல் நிறம், மஞ்சள் கால். இரண்டும் எங்கள் மலைக் கௌதாரிகள்.

மஹின் குனிந்து இரண்டையும் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு சட்டென்று கம்பளத்தில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொன்பது வயதுப் பெண்.

அவளிடம் இருந்த நினைவு அது ஒன்றுதான். மூன்று வயதில் தரையில் கிடந்தபடி பார்த்த ஏதோ ஒரு பறவையின் கால்கள். எங்கள் ஊரில் நச்சுப்புகைக் குண்டு விழுந்த அன்று யாரோ அவளை எல்லை தாண்டி ஈரானுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். வளர்த்தவர்கள் இறந்தபின், பெற்றவளைத் தேடி வந்திருந்தாள்.

அதே நாளில் மகள் தாவ்காவைத் தொலைத்தவள் பெஹியே. இதற்கு முன் மூன்று பெண்கள் வந்தார்கள். மூன்று முறையும் இரத்தம் பொருந்தவில்லை. இவர்கள் இருவருக்கும் அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். முடிவு வர எட்டு நாளாகும். அதுவரை பொறுக்க மாட்டாமல், ஒரு கவ்வைக் கொண்டுவரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினாள் பெஹியே. அந்தக் காலத்தில் அவள் வீட்டில் கவ் இருந்தது. நான் பிடித்துக் கொடுத்ததுதான்.

ஒன்றை மட்டும் காட்டினால் சோதனை ஆகாது என்று சுவேஸ்காவையும் எடுத்துவந்தது என் யோசனை.

வாதுமைப் பூக்கள் ஒவ்வொன்றாய் இறங்கிக்கொண்டிருந்தன. மதிய வெயிலில் முற்றம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தது.

கவ் கூண்டுக்குள் மிடுக்காக நடந்தது. மஹின் அதைக் கவனிக்கவில்லை. சுவேஸ்கா இரண்டடி வைத்தது, நின்றது, பாறை இடுக்கில் காற்று புகுந்தாற்போல் ஒரு சீழ்க்கை அடித்தது.

அவள் விரல் தானாகக் கம்பிக்குள் நுழைந்தது.

"இந்தக் காலுதான்," என்றாள், திக்கித் திக்கி எங்கள் மொழியில்.

பெஹியே முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெல்லச் சரிந்து, மஹினுக்கு எதிரே தானும் கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

"ஆமாடி தங்கம். நம்ம வீட்ல இருந்தது இதேதான்." தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டாள்: "என்ன ஃபத்தா அண்ணே, நீங்கதானே பிடிச்சுக் குடுத்தீங்க?"

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் எனக்கு மட்டும் கேட்டது.

எட்டு நாள். அதையாவது வைத்துக்கொள்ளட்டும்.

நான்தான் என்றேன். கூண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

எங்கள் தெருவில் சுவேஸ்கா வளர்த்த வீடு ஒன்றே ஒன்று. அடுத்த வீடு. என் வீடு. அது பெஹியே நினைவில் இருந்ததா, தெரியாது.

அன்றைய புகை என் கண்ணையும் தின்றிருந்தது. கண்ணில் கட்டோடுதான் மனைவியைப் புதைத்தேன். அவள் மடியில் இறந்து கிடந்த குழந்தையை யாரோ என் கையில் கொடுத்து, உன் மகள் என்றார்கள். இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரே வயது. நாள் முழுக்க ஒன்றாகவே திரிவார்கள். நான் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் பேருந்தில் நகரத்துக்குப் போய் நானும் இரத்தம் கொடுத்தேன். தேடுகிற பிள்ளையின் பெயரைக் கேட்டாள் செவிலி.

ஷிலான் என்றேன்.

அந்தப் பெயர் வெட்டிய கல்லுக்கு வருடாவருடம் வசந்தத்தில் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். துணைக்கு எப்போதும் பெஹியே வருவாள். உட்கார்ந்து மண்ணைத் தடவிக்கொடுப்பது அவள்தான்.