கஹலுக்கு விட்ட ஒட்டகம்

எங்கள் ஊர்ச் சந்தையில் காலை வெயில் சாம்பிராணி மூட்டைகளின் மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. மணற்புயலில் வழி தவறிய தைம், உயிரோடு ஊர் சேர்ந்தால் தன் சிவப்பு ஒட்டகத்தை எங்கள் தெய்வம் கஹலுக்கு விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டிருந்தான். இன்று விடுகிறான். விட்டபின் அதன்மேல் யாரும் சுமை ஏற்றக் கூடாது. எங்கே வாய் வைத்தாலும் விரட்டக் கூடாது. “தெய்வத்துச் சொத்துப்பா! எவனும் கை வைக்கக் கூடாது!” என்று எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறான் பேரீச்சம்பழ வியாபாரி ஷரீக். அந்த ஒட்டகத்தை முந்திச் சரக்கு கொண்டுவர அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை. தைமின் மனைவி லமீஸ் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “போ தாயி” என்று தைம் மூக்குக்கயிற்றை அவிழ்க்கிறான். அது கழுத்தை ஒருமுறை சிலிர்த்துக்கொள்கிறது. தண்ணீர்த்தொட்டியைத் திரும்பியும் பார்க்காமல், ஆடி அசைந்து நேராக ஷரீக்கின் கடைக்குப் போய், பெரிய கூடைக்குள் முகத்தை நுழைக்கிறது. ஷரீக் ஈச்சமட்டையை ஓங்கிக்கொண்டு எழுகிறான். “டேய் தைம், உன் ஒட்டகத்தைப் பிடிடா!”

“என் ஒட்டகமா? யாரோட சொத்துன்னு இப்பத்தானே அண்ணே கத்துனீங்க?”

லமீஸ்தான் முதலில் சிரிக்கிறாள். பிறகு சந்தையே குலுங்குகிறது. ஒட்டகம் கண்ணை மூடி மென்றுகொண்டே இருக்கிறது, தாடையில் சாறு வழிய. ஷரீக் சுற்றுமுற்றும் பார்க்கிறான், கோயில் பக்கமும் பார்க்கிறான். ஓங்கிய மட்டை மெல்லத் தாழ்ந்து, ஒட்டகத்தின் முகத்தில் மொய்க்கும் ஈக்களை விசிறி ஓட்டத் தொடங்குகிறது.