கட்டுக்கு ஒரு தப்பு

மளிகைச் சீட்டில் உப்பை இரண்டு தடவை எழுதியிருந்தார் பரந்தாமன்.

அடுப்பு மேடையில் அவர் வைத்துவிட்டுப் போன சீட்டை, தோசையைத் திருப்பிக்கொண்டே பூங்காவனம் பார்த்துவிட்டாள்.

"அம்பது வருஷமா ஒரு சீட்டு தப்பில்லாம எழுத வர்ல உங்களுக்கு. வந்து திருத்திட்டுப் போங்க."

சிரித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்தார். அடுப்படிக்கு வந்து சேரவில்லை. மாரடைப்பு.

சீட்டு என்பது பழைய பஞ்ச் கார்டு. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இருவரும் வேலை பார்த்தபோது மிஞ்சியவை, இன்னும் இரண்டு பெட்டி இருக்கின்றன.

அங்கே கம்பெனிக் கணக்கை அவர் கார்டில் துளைகளாக அடிப்பார். தப்பிருக்கிறதா என்று பார்க்க, அதையே அவள் வெரிஃபையர் மெஷினில் மறுபடி அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் கார்டின் வலது ஓரத்தில் மெஷின் சின்னதாக ஒரு வெட்டுப் போடும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு.

அவர் அடித்த ஒவ்வொரு கார்டுக் கட்டிலும் ஒரு தடவையாவது சிவப்பு எரியும். அந்தக் கார்டை வாங்கிப்போக அவள் மேஜைக்கு அசடு வழிய வந்து நிற்பார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். மளிகைச் சீட்டை அவர் எழுதுவார். அவள் சரிபார்த்து, கத்தரிக்கோலால் வலது ஓரத்தை வெட்டிய பிறகுதான் கடைக்குக் கிளம்புவார்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் யாரோ அவருடைய தப்புகளைப் பற்றிப் பேச்சை எடுத்தார்கள். பந்தியே சிரித்தது. பூங்காவனம் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டாள். கடைசியாக அவர் காதில் விழுந்தது அவளுடைய குத்தல் பேச்சு.

மேல்விஷாரத்திலிருந்து வந்திருந்த அஃப்ரோஸ் பாய், அதே அறையில் வேலை பார்த்தவர், பாயசம் குடிப்பதை நிறுத்தினார்.

"இன்னா அண்ணி, உங்களுக்குத் தெரியவே தெரியாதா? நீங்க லீவு போட்டா அந்த மெஷின்ல நான்தான் உக்காருவேன். அவன் கட்டுல ஒரு தப்பு வராது. ஒரே பேஜாரு, தூக்கமா வரும்."

பூங்காவனம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. மருமகள் சௌம்யா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை அந்தச் சீட்டை எடுத்தாள். கத்தரிக்கோலையும் எடுத்தாள். கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டு, சீட்டை மட்டும் அடுப்படி ஆணியில் மாட்டினாள்.

உப்பு இரண்டு தடவை. வலது ஓரத்தில் வெட்டு இல்லை.