தவசிக்குக் கட்டிய கயிறு

"இனிமே என்னால முடியாது தாயி. டிஜே பெட்டியைத் தொறந்தாலே கொட்டாவி வருது" என்றார் தவசி.

கடையில் மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். தாய்மாமன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. ராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் 'டிஜே தவசி' என்று அச்சடித்த பனியனோடு முதல் ஆளாக நிற்பவர் அவர். கூப்பிட்டால் வருவார். சொந்தக்காரர்கள் என்றால் கூப்பிடாமலே வருவார்.

"என்னாச்சு மாமா?"

"நேத்து பரமக்குடியில ஒரு வளைகாப்பு. பொண்ணுக்கு வளையல் போடுறப்ப ஆம்புலன்ஸ் சைரனை எடுத்து விட்டேன். ஒரு ஆளு அசையலை. முந்தியெல்லாம் நாலு பேராச்சும் பதறி வாசலுக்கு ஓடுவாக."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத் தொழில்.

"அதே பாட்டு, அதே சைரன். எனக்கே சலிச்சுப்போச்சு. இந்த ஆசையும் விட்டுப்போச்சுன்னா அப்புறம் நான் என்னத்துக்கு?"

நாகஜோதிக்குப் பாவமாக இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

"மாமா, உங்களுக்கு வேண்டியது ஓய்வு. கடல்ல மீன் குறையக் கூடாதுன்னு என்ன செய்றாக? அறுபத்தோரு நாள் தடை போட்டு, விசைப்படகையெல்லாம் கரையில நிப்பாட்டிடுறாக. அப்புறம் இறங்குனா வலை நெறைய மீனு. இன்னைக்குத்தான் தடை ஆரம்பிச்சிருக்கு. நீங்களும் படகோட சேந்து கரையேறுங்க."

"அறுபத்தோரு நாளா? வைகாசி முகூர்த்தம் பூராவும் போயிருமே! ஆடியில எடுத்துக்கிறேன். அப்ப கல்யாணமே இருக்காது."

"வேலையே இல்லாத மாசத்துல சும்மா இருக்கிறதுக்குப் பேரு ஓய்வா மாமா? முகூர்த்தம் வருசா வருசம் வரும். போன ஆசை திரும்பி வருமா?"

தவசி யோசித்தார். மருமகள் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

"சரித்தா. ஆனா என் கை சும்மா இருக்காதே. பெட்டியைப் பாத்தா ரெண்டாவது நாளே நோண்டிருவேன்."

"அதுக்கும் வழி இருக்கு. கிளம்புங்க கோயிலுக்கு."

ஊர் எல்லையில் இருந்த கருப்பசாமி கோயிலில் குடியை விடுவதற்குக் கயிறு கட்டுவார்கள். அங்கே கட்டிக்கொண்டு வாக்குத் தவறியவர்கள் யாரும் இல்லை. தவறியவர்களின் கதைகள் மட்டும் நிறைய உண்டு. அவை எல்லாமே ஆஸ்பத்திரியில் முடியும்.

விவரத்தைக் கேட்டதும் பூசாரி இருளாண்டி தாடியைச் சொறிந்தார்.

"குடியை விடக் கட்டிருக்கேன், சீட்டாட்டத்தை விடக் கட்டிருக்கேன். டிஜேக்கு இதான் முதத் தடவை. எதைத் தொட மாட்டீகன்னு வெவரமாச் சொல்லணும். போன வருசம் ஒருத்தன் பிராந்தியைத் தொட மாட்டேன்னு கட்டிக்கிட்டு, பீராக் குடிச்சுக்கிட்டுத் திரியிறான். சாமியாலயும் ஒண்ணும் கேக்க முடியலை."

தவசி எரியும் கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டினார்.

"படகு திரும்பக் கடல்ல இறங்குற வரைக்கும் டிஜே பெட்டியைத் தொட மாட்டேன். இது சத்தியம்."

"இன்னொரு முடிச்சும் சேத்துப் போடுங்க சாமி" என்றாள் நாகஜோதி.

கடற்கரை ஊரான மண்டபத்தில் இருக்கும் கூட்டாளி ஏரம்பமூர்த்தியின் வீட்டில் போய்த் தங்குவதென்று முடிவாயிற்று. பஸ் ஸ்டாண்டில் தவசி பெட்டியின் சாவியை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார்.

"இதை நீயே வச்சுக்க. பதினோரு வருசத்துல என்னை ஒருத்தரும் 'கொஞ்சம் ஓய்வெடு'ன்னு சொன்னதில்லை. 'நிப்பாட்டு'ன்னுதான் சொல்லிருக்காக. உனக்குத்தான் தாயி என் மேல உண்மையான பாசம்."

நாகஜோதி சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் ஏறியதும் பஸ் கிளம்பியது.

"அங்கன சும்மா உக்காந்திருக்க மாட்டேன். புதுசா ஏதாச்சும் கத்துக்கிட்டு வாரேன்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் தவசி.

"தாராளமாக் கத்துக்கங்க மாமா!"

பஸ் திருப்பத்தில் மறையும்வரை கையசைத்துக்கொண்டே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். இரண்டு பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அய்யா, மாமாவுக்குக் கயிறு கட்டியாச்சு. அபிராமத்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிருங்க, வைகாசியிலயே தேதி குறிச்சிரலாம். தாய்மாமன் டிஜே போட்டுருவாரோன்னு பயந்துதான அவுக இத்தனை நாளாத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாக?"

மறுமுனையில் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"குறிச்சிரலாம் தாயி. ஆனா இப்பத்தான் உன் மாமன் பஸ்ல இருந்து பேசுனாரு. பெட்டியைத்தான் தொடக் கூடாதாம், மைக்கைத் தொடலாமாம். உன் கல்யாணம் என்னைக்கு வச்சாலும் அவரே பாடப் போறாராம். சைரனைக்கூட வாயாலயே போட்டுப் பழக ஆரம்பிச்சிட்டாரு. உச்சிப்புளி தாண்டுறதுக்குள்ள டிரைவரு ரெண்டு தடவை பஸ்ஸை ஓரங்கட்டி வழி விட்டுட்டாராம்."