பாதி தூக்கிய கை

வாக்காளர் பட்டியலில் பெயர் அடிக்கப்பட்டவர்களுக்கு ஓட்டைத் திருப்பித் தரும் மசோதா நிறைவேற ஒரு கைதான் குறைந்தது. அது சட்டமன்ற உறுப்பினர் தணிகாசலத்தின் கை. தோளுயரம் வரை தூக்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். "எதிர்வரிசையில இருந்து ஒரே ஒரு கை வரட்டும். ஓட்டு எல்லாருக்கும் பொது. நாம மட்டும் தூக்கினா நாளைக்கு நிக்காது" என்றார். எதிர்வரிசையில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பார்வையாளர் மாடத்திலிருந்து, பெயர் பறிகொடுத்த அவருடைய தொகுதிக்காரி பேச்சியம்மாள், "இன்னும் ஒரு சாண்தானய்யா, தூக்கிருங்கய்யா!" என்று கதறினாள். காவலர்கள் அவளை வெளியே இழுத்துப் போனார்கள். தணிகாசலத்துக்குத் தோள் கடுத்தது, விரல்கள் மரத்துப்போயின. "யாராவது ஒருத்தர் தூக்குங்கப்பா" என்று கெஞ்சிய குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

கடைசியில் எதிர்வரிசைத் தலைவர் மகுடபதி எழுந்து அவரிடம் வந்தார். தணிகாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மகுடபதி அந்தக் கையை இரு கைகளாலும் பிடித்தார்.

"ரொம்ப வலிக்குமேண்ணே" என்று பரிவாகச் சொல்லி, மெல்ல இறக்கி அவர் மடியில் வைத்தார். பிறகு பிடியை விடாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சபாநாயகர் தூக்கிய கைகளை எண்ணத் தொடங்கினார்.