பிஸ்கட் கம்பெனி வழக்கு

ஜட்ஜ் ஐயாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று முதலில் சொன்னவர் அக்காவின் வக்கீல். தங்கையின் வக்கீல் அதை மறுக்கவில்லை. அந்த வழக்கில் வக்கீல்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இருபத்தெட்டு வருஷம் ஜட்ஜாக இருந்தவர். அவர் எழுதிய தீர்ப்பில் மேல்கோர்ட் ஒரு கமாவைக்கூடத் தொட்டதில்லை. ரிட்டயர் ஆன பிறகு மத்தியஸ்தர். சண்டைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகாமல், இரண்டு தரப்பும் சேர்ந்து ஒருவரைப் பிடித்து 'நீங்களே சொல்லுங்கள்' என்பார்களே, அந்த வேலை. நாலு வருஷமாக அதிலும் நல்ல பெயர்தான்.

இந்த பிஸ்கட் கம்பெனி வழக்கு வந்ததுதான் வந்தது, மனுஷன் ஆளே மாறிவிட்டார்.

கம்பெனி அப்பா விட்டுப்போனது. அக்கா தயாரிப்பு, தங்கை விற்பனை. நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. பக்கத்து அறையில் இருந்துகொண்டு மானேஜர் மூலம் சீட்டு அனுப்பிக்கொள்வார்கள். இப்போது கம்பெனியை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள் என்று வந்து நின்றார்கள். பிரித்தால் இரண்டு பாதியுமே தேறாது என்பது அங்கே வேலை பார்த்த அறுபது பேருக்கும் தெரியும். இரண்டு முதலாளியம்மாக்களுக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் நாள், ஜன்னல் பக்கம் உட்காரப்போவது எந்தத் தரப்பு என்று ஐயா கேட்டார். இரு தரப்பும் கலந்து பேசி, ஒரே மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதிலேயே மூன்று அமர்வு போனது.

அடுத்து, சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். அந்த நேரத்தை ஏற்பதா வேண்டாமா? கூட்டு மனு. பிறகு, ஃபேனை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா? அதற்கும் கூட்டு மனு. அக்கா தங்கையைப் பார்த்துப் பேசமாட்டாள், தங்கை அக்காவைப் பார்த்துப் பேசமாட்டாள். நடுவில் வக்கீல்கள் இரண்டு பேரும் ஓடி ஓடி இளைத்தார்கள்.

பாவம் டைப்பிஸ்ட் அம்மா. கோர்ட்டில் தொடங்கி இருபது வருஷமாக ஐயாவிடம் வேலை. 'மின்விசிறி வேகம் குறித்த இடைக்கால உத்தரவு' என்று அடிக்கும்போது அவருக்கு விரல் கூசியது. கீழே கேன்டீனில் எல்லோரும் ஐயாவைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்ததும், அங்கே டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

ஐந்தாவது மாதம், கம்பெனி பிஸ்கட் ஒரு டின் சாட்சியமாக மேஜைக்கு வந்தது. ஐயா ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"பிஸ்கட் நமத்துப்போயிருக்கிறது. பதிவு பண்ணிக்கோங்கம்மா."



"நமத்துப்போச்சா?" என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

"காலையில அடுப்புலேர்ந்து எடுத்ததுதானேக்கா," என்றாள் தங்கை.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். ஐயா சும்மா இருந்திருக்கலாம். இவர்களுடைய அப்பா காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சாவகாசமாக ஒரு வார்த்தை சேர்த்தார்.

அவ்வளவுதான். இரண்டு நாற்காலியும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. இரண்டு பேரும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, சிக்கி, தோளைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்கள்.

மாடிப்படியில் தங்கை கண்ணை மூடிக்கொண்டு ஐயா மாதிரியே மென்று காட்டினாள். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வக்கீல்கள் மேலும் கீழும் எட்டிப் பார்த்துவிட்டு, பசி தாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். சகோதரிகள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நாலு வருஷப் பாக்கியைப் பேசித் தீர்க்க வேண்டாமா?

மறுநாள் காலையில் கடிதம் வந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மத்தியஸ்தர் விலகித்தான் ஆக வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா நின்றுகொண்டே படித்தார்.

"'மத்தியஸ்தருக்கு இந்த வேலைக்கு வேண்டிய நிதானம் இல்லை. பிஸ்கட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை. கம்பெனியைப் பிரிக்கப்போவதில்லை. எங்கள் விஷயத்தை நாங்களே பேசிக்கொள்கிறோம். இவரை நீக்குவது என்று நாங்கள் இருவரும் ஒருமனதாக...'"

படிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படிங்க."

"ஒருமனதாக, ஐயா."

ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த அம்மா இருபது வருஷத்தில் பார்த்ததில்லை. எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஃபேனை அவரே நாலில் வைத்தார்.

அம்மாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "இருபத்தெட்டு வருஷமா சம்பாதிச்ச பேரு ஐயா. ஊரே கிறுக்குன்னு சொல்லுது. உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"கோர்ட்டுல எத்தனை அண்ணன் தம்பிக்குத் தீர்ப்பு எழுதியிருப்பேன். நீங்கதானே அடிச்சீங்க. ஒண்ணுலயாவது தப்பு உண்டா?"

"கிடையாது."

"அதுக்கப்புறம் அவங்க யாராவது ஒருத்தரோட ஒருத்தர் பேசினாங்களா?"

அம்மா கடிதத்தை எடுத்து அந்தக் கடைசி வார்த்தையை மறுபடியும் பார்த்தார்.

"இவங்களுக்குத் தீர்ப்பு தேவைப்படலம்மா. சேர்ந்து உட்கார்ந்து திட்டுறதுக்கு ஒரு ஆள்தான் தேவைப்பட்டுது. குடுக்கறதுக்கு என்கிட்ட அந்தப் பேரைத் தவிர வேற என்ன இருக்கு?"